பிரிட்டன் சிரிப்பதும் அமெரிக்கா சிரிப்பதும்

1981 மார்ச் 30 அன்று, வாஷிங்டனில் ஓர் ஓட்டலை விட்டு வெளியே வந்த அதிபர் ரொனால்ட் ரீகன் சுடப்பட்டார். குண்டு இடது நுரையீரலுக்குள் பாய்ந்து இதயத்துக்கு மிக அருகில் தங்கிவிட்டது. மருத்துவமனைக்கு விரைந்து வந்த மனைவி நான்சியிடம் அவர் சொன்னது, "கண்ணே, குனிய மறந்துவிட்டேன்" என்பதுதான். அறுவை சிகிச்சைக்கு ஆயத்தமான மருத்துவர்களைப் பார்த்து, "நீங்கள் எல்லோரும் குடியரசுக் கட்சிக்காரர்கள்தான் என்று நம்புகிறேன்" என்றார். ஜனநாயகக் கட்சியை ஆதரித்துவந்த அறுவை மருத்துவர் ஜோசப் ஜியோர்டானோ, "இன்றைக்கு நாங்கள் எல்லோருமே குடியரசுக் கட்சிக்காரர்கள்தான், அதிபர் அவர்களே" என்று பதில் சொன்னார். மனைவியிடம் சொன்ன வாசகம் ரீகனின் சொந்தச் சரக்கு அன்று. 1926இல் ஜீன் டன்னியிடம் உலகப் பட்டத்தைப் பறிகொடுத்த குத்துச்சண்டை வீரர் ஜாக் டெம்ப்சி தம் மனைவியிடம் சொன்னது அது. நடிகராக வாழ்ந்தவருக்கு, உயிர் ஊசலாடும் நேரத்திலும் கைவசம் இருந்த பழைய ஜோக் ஒன்று சரியான இடத்தில் வந்து உதவியிருக்கிறது.

அடுத்த ஆண்டு ஜூன் 24 அன்று இரவு, லண்டனிலிருந்து ஆக்லாந்துக்குப் புறப்பட்டிருந்த பிரிட்டிஷ் ஏர்வேஸ் விமானம் ஜாவா தீவுக்கு மேலே பறந்தபோது, கலுங்குங் எரிமலை கக்கிய சாம்பலுக்குள் நுழைந்து தன் நான்கு எஞ்சின்களையும் இழந்தது. விமானி எரிக் மூடி பயணிகளிடம் ஒலிபெருக்கியில் சொன்னது இது: "உங்கள் கேப்டன் பேசுகிறேன். நமக்கு ஒரு சிறிய பிரச்சினை. நான்கு எஞ்சின்களும் நின்றுவிட்டன. அவற்றை மீண்டும் ஓடவைக்க எங்களால் ஆன மட்டும் முயன்றுகொண்டிருக்கிறோம். இதனால் உங்களுக்கு அதிகச் சங்கடம் ஏற்படவில்லை என்று நம்புகிறேன்." எஞ்சின்கள் பிறகு உயிர்பெற்று, விமானம் ஜகார்த்தாவில் பத்திரமாக இறங்கியது.

இரண்டு மனிதர்களை வைத்து இரண்டு தேசங்களின் குணத்தைக் கணித்துவிட முடியாதுதான். ஆனால் பிரிட்டிஷ் நகைச்சுவைக்கும் அமெரிக்க நகைச்சுவைக்கும் உள்ள வேறுபாடு எங்கே இருக்கிறது என்பதை இந்த இரண்டு பேச்சுகளும் நன்றாகவே காட்டுகின்றன. ரீகன் சொன்னவை ஜோக்குகள். அவை ஜோக்குகள் என்பதைக் கேட்பவர் அந்தக் கணமே அறிகிறார், சிரிக்கிறார், முடிந்தால் ஜியோர்டானோவைப் போலத் தாமும் ஒன்றைத் திருப்பிச் சொல்கிறார். மூடி பேசியதோ வடிவத்தில் ஓர் அறிவிப்பு. "சிறிய பிரச்சினை" என்பதற்கும் "நான்கு எஞ்சின்களும்" என்பதற்கும் இடையே உள்ள தூரத்தில்தான் அதன் சிரிப்பு இருக்கிறது. பேசுபவரோ அந்தத் தூரம் தம் கண்ணில் பட்டதாகவே காட்டிக்கொள்வதில்லை. அவர் வேடிக்கையாகத்தான் சொன்னாரா என்பதைக் கேட்பவரே தீர்மானித்துக்கொள்ள வேண்டும்.

இந்த வேறுபாட்டை விளக்க வரும் பலரும், அமெரிக்கர்களுக்கு மறைபொருளான எள்ளல் புரியாது என்ற சுலபமான விடையோடு நின்றுவிடுகிறார்கள். பிரிட்டிஷ்காரர்கள் தங்களுக்குத் தாங்களே சொல்லிக்கொள்ளும் ஆறுதல்களில் இதுவும் ஒன்று என்றே நினைக்கிறேன். 1895இல் மார்க் ட்வைன் எழுதிய ஒரு கட்டுரை இதற்கு நேர் எதிரானதைச் சொல்கிறது. தான் சொல்வதில் வேடிக்கை ஏதும் இருப்பதாகத் துளியும் காட்டிக்கொள்ளாமல் முகத்தை இறுக்கமாக வைத்துக்கொண்டு சொல்லும் கதை அமெரிக்காவின் கலை என்றும், "இது பிரமாதமான வேடிக்கை" என்று முன்கூட்டியே அறிவித்துவிட்டு, சொல்லி முடித்ததும் தானே முதலில் சிரிப்பவர் சொல்லும் கதை இங்கிலாந்துடையது என்றும் அவர் வகைப்படுத்துகிறார். இன்று நாம் பிரிட்டனுக்கு எழுதிக்கொடுத்திருக்கும் குணத்தைச் சுமார் 130 ஆண்டுகளுக்கு முன் அமெரிக்காவின் தலைசிறந்த நகைச்சுவையாளர் தம் நாட்டுக்கு உரியதாகச் சொல்லியிருக்கிறார். ஆகவே இது ரத்தத்தில் ஊறிய தேசிய குணமாக இருக்க வாய்ப்பில்லை. எந்தக் கூட்டத்தின் முன் நின்று, யார் கொடுக்கும் பணத்தில், எத்தனை காலத்துக்குச் சிரிக்கவைக்க வேண்டியிருந்தது என்பதில்தான் இரண்டு நாடுகளும் பிரிந்தன.

அமெரிக்க நகைச்சுவையாளர் முன்னால் உட்கார்ந்திருந்தவர்கள் ஒருவருக்கொருவர் அந்நியர்கள். நியூயார்க்கின் எல்லிஸ் தீவுக் குடியேற்ற நிலையம் 1892இல் திறக்கப்பட்டு 1954இல் மூடப்படும்வரை அதன் வழியாக நாட்டுக்குள் வந்தவர்கள் சுமார் 1.2 கோடிப் பேர். இத்தாலியரும் ஐரிஷ்காரரும் கிழக்கு ஐரோப்பிய யூதர்களும் ஒரே வரிசையில் உட்கார்ந்து பார்த்த வோடவில் என்ற பல்சுவை மேடைகளில் ஒரு கலைஞருக்குக் கிடைத்தது சில நிமிடங்களே. பொதுவான பள்ளி, பொதுவான தேவாலயம், பொதுவான ஊர்ப்பேச்சு எதுவும் இல்லாத கூட்டத்தில், எங்கே சிரிக்க வேண்டும் என்று தெளிவாகக் காட்டாத ஜோக் செத்துவிடும். நியூயார்க்குக்கு வடக்கே கேட்ஸ்கில் மலைப்பகுதியில் யூதக் குடும்பங்கள் கோடைக்குத் தங்கிய விடுதிகள் ஸ்டாண்ட்-அப் கலைஞர்களின் பயிற்சிக்களமாக விளங்கின. அங்கே உருவான ஒற்றை வரி ஜோக்கும், வேகமும், தன்னைத் தானே கிண்டலடித்துக்கொள்ளும் பாணியும் பின்னாளில் அமெரிக்கா முழுமைக்கும் உரியனவாயின.

வானொலி இந்தக் கூட்டத்தைப் பல மடங்கு பெரிதாக்கியதோடு, விளம்பரதாரர் என்ற முதலாளியையும் அதன் நடுவே உட்காரவைத்தது. ஜாக் பென்னி தம் வானொலி நிகழ்ச்சியில் வாரந்தோறும் ஏற்ற கஞ்சன் வேடம் நல்ல எடுத்துக்காட்டு. 1948இல் ஒலிபரப்பான ஒரு நிகழ்ச்சியில் வழிப்பறிக்காரன் ஒருவன் அவரை மறித்து, "பணமா, உயிரா?" என்று கேட்கிறான். நீண்ட மௌனம். அவன் மறுபடி அதட்டியதும், "யோசித்துக்கொண்டிருக்கிறேன்!" என்கிறார் பென்னி. இந்த மௌனம் அடக்கி வாசிப்பதில் யாருக்கும் சளைத்ததன்று. ஆனால் அவர் கஞ்சர் என்பதைப் பல ஆண்டுகள் வாரம் தவறாமல் சொல்லிச் சொல்லி நாடு முழுவதற்கும் பழக்கியிருந்ததால்தான் அத்தனை பேரும் ஒரே நொடியில் சிரிக்க முடிந்தது. பிரிட்டனில் சமூகமே இலவசமாகக் கொடுத்துவிடும் பின்னணி அறிவை, அமெரிக்க நிகழ்ச்சி ஒன்று தன் செலவில் கட்டியெழுப்ப வேண்டியிருந்தது.

பிரிட்டனில் அந்தப் பின்னணியின் பெயர் வர்க்கம். ஒருவர் வாய் திறந்ததுமே அவர் பிறந்த குடும்பமும் படித்த பள்ளியும் தெரிந்துவிடும் நாட்டில், சொல்லாமல் விட்டது சொன்னதைவிட அதிகம் பேசும். 1968 முதல் 1977 வரை பிபிசியில் வந்த 'டாட்ஸ் ஆர்மி' தொடர், இரண்டாம் உலகப் போரில் ஒரு கடலோரச் சிற்றூரைக் காக்கத் திரண்ட வயதானவர்களின் படையைப் பற்றியது. படைக்குத் தலைவர், உள்ளூர் வங்கி மேலாளரான மேனரிங். கீழ்த்தட்டிலிருந்து உழைத்து முன்னேறியவர். அவருக்குக் கீழே சார்ஜென்ட்டாக இருக்கும் வில்சன், வங்கியிலும் அவருக்குக் கீழே குமாஸ்தாதான். ஆனால் உயர்குடியில் பிறந்து தனியார் பள்ளியில் படித்தவர். மேனரிங் கட்டளை இடுகிறார், வில்சனோ, "அது அவ்வளவு புத்திசாலித்தனம் என்று நினைக்கிறீர்களா, சார்?" என்று மெல்லிய குரலில் கேட்கிறார். பதவியில் மேலே இருப்பவர் பிறப்பில் கீழே. அது இருவருக்கும் தெரியும், பார்ப்பவருக்கும் தெரியும், ஒருவரும் வாய்விட்டுச் சொல்வதில்லை. தொடரின் சிரிப்பில் பாதி இந்த மௌனத்திலிருந்து வருகிறது.

'ஃபால்ட்டி டவர்ஸ்' இதே நரம்பைத்தான் இன்னும் முரட்டுத்தனமாகச் சுண்டியது. 1975இல் வந்த அதன் முதல் எபிசோடில், விடுதி நடத்தும் பேசில் ஃபால்ட்டி சாதாரண விருந்தாளிகளை விரட்டாத குறையாக நடத்திக்கொண்டிருக்கும்போது, தம்மைப் பிரபு என்று சொல்லிக்கொள்ளும் ஒருவர் வந்ததும் காலில் விழாத குறையாகக் குழைகிறார், வந்தவர் மோசடிக்காரர். ஜான் கிளீஸும் கானி பூத்தும் எழுதிய இந்தத் தொடரில் மொத்தமே 12 எபிசோடுகள். இதை அமெரிக்காவில் மறுபடி எடுக்க நடந்த முயற்சிகள் ஒன்றுகூட நிலைக்கவில்லை. 1983இல் ஏபிசி எடுத்த 'அமாண்டாஸ்' தொடரில் பேசில் என்ற பாத்திரமே இல்லை. பீ ஆர்தர் நடித்த விதவை ஒருத்தி கடலோரத்தில் விடுதியை நடத்துகிறாள். கதையும் குழப்பங்களும் அப்படியே இருந்தன. ஆனால் பிறப்பால் வாய்க்காத அந்தஸ்துக்காக உள்ளுக்குள் வெந்து சாகும் ஒரு மனிதனை எடுத்துவிட்டால், மிஞ்சுவது பரபரப்பான ஒரு விடுதி மட்டுமே. தொடர் சில மாதங்களில் நின்றுபோனது.

எல்லோருக்கும் தெரிந்த குறியீட்டில் பேசிப் பழகியவர்கள், அதை அறியாதவர்களிடம் அதே குறியீட்டில் பேசினால் சிரிப்பு வராமல் போவதோடு முடிவதில்லை. கொரியப் போரில் 1951 ஏப்ரலில் இம்ஜின் ஆற்றங்கரையில் நடந்த சண்டை இதற்காகவே போர் வரலாறுகளில் அடிக்கடி எடுத்துச் சொல்லப்படுகிறது. குளோஸ்டர்ஷயர் படைப்பிரிவைச் சேர்ந்த சுமார் 650 பேர் சீனப் படைகளால் சூழப்பட்டிருந்தபோது, பிரிட்டிஷ் பிரிகேடியர் டாம் பிராடி தமக்கு மேலிருந்த அமெரிக்கத் தளபதியிடம் நிலைமை கொஞ்சம் நெருக்கடியாக இருப்பதாகச் சொன்னார் என்பது அந்தக் கதை. இன்னொரு பிரிட்டிஷ் அதிகாரிக்கு அது "அழிந்துகொண்டிருக்கிறோம்" என்று கேட்டிருக்கும். அமெரிக்கருக்கோ, கடினம்தான் ஆனாலும் சமாளிக்கிறார்கள் என்றே கேட்டது. சூழப்பட்டவர்களில் மிகச் சிலரே தப்பினர், பெரும்பாலோர் சிறைபிடிக்கப்பட்டனர்.

தொலைக்காட்சிக்கு வந்தால் இந்த வேறுபாட்டை ஏறக்குறைய ஆய்வுக்கூடச் சோதனையைப் போலவே பார்க்க முடிகிறது. காரணம், ஒரே கதையை இரண்டு நாடுகளும் எடுத்திருக்கின்றன. ரிக்கி ஜெர்வெய்ஸும் ஸ்டீஃபன் மெர்ச்சன்ட்டும் உருவாக்கிய 'தி ஆஃபீஸ்' 2001 ஜூலையில் பிபிசியில் தொடங்கியது. ஸ்லவ் என்ற ஊரில் ஒரு காகித நிறுவனத்தின் கிளை அலுவலகம். அதன் மேலாளர் டேவிட் பிரென்ட் தம்மை நகைச்சுவை மன்னர் என்றும், ஊழியர்களின் நண்பர் என்றும் நம்புகிறவர். அவர் ஜோக் அடிக்கும்போதெல்லாம் அறையில் கனத்த மௌனம் விழுகிறது. பின்னணியில் சிரிப்பொலியும் கிடையாது. பார்ப்பவர் கூச்சத்தில் நெளிய வேண்டும் என்பதே திட்டம். இரண்டாவது சீசனின் முடிவில் அவரை வேலையிலிருந்து எடுக்கிறார்கள். இதுவரை போட்ட வேடமெல்லாம் கலைந்து, தம்மை அனுப்பிவிட வேண்டாம் என்று கலங்கிய கண்களோடு கெஞ்சுகிறார். ஆறு ஆறாக இரண்டு சீசன்கள், 2003 கிறிஸ்துமஸுக்கு இரண்டு சிறப்பு எபிசோடுகள். ஆக மொத்தம் 14. அத்தோடு முடித்துக்கொண்டார்கள்.

அமெரிக்காவின் என்பிசி 2005 மார்ச்சில் தன் வடிவத்தைத் தொடங்கியபோது, முதல் எபிசோட் ஏறக்குறைய பிரிட்டிஷ் மூலத்தின் நகலாகவே இருந்தது. ஸ்லவ் இருந்த இடத்தில் பென்சில்வேனியா மாநிலத்தின் பழைய நிலக்கரி நகரமான ஸ்க்ரான்டன் வந்தது, பிரென்ட் இருந்த இடத்தில் ஸ்டீவ் கரெல் நடித்த மைக்கேல் ஸ்காட் வந்தார். ஆறு எபிசோடுகள் கொண்ட முதல் சீசன் சரியாக எடுபடவில்லை. தொடரைப் பொறுப்பேற்று உருவாக்கிய கிரெக் டேனியல்ஸும் எழுத்தாளர்களும் இரண்டாவது சீசனில் மைக்கேலை மாற்றினார்கள். முடி அலங்காரம் மாறியது. அதைவிட முக்கியமாக, அந்த மனிதருக்கு ஒரு திறமை வந்தது. ஒரு முக்கிய வாடிக்கையாளரை உணவகத்தில் சந்திக்கப் போகும் எபிசோடில், மேலதிகாரி பதறிக்கொண்டிருக்க, மைக்கேல் சிரித்துப் பேசி, விருந்து சாப்பிட்டு, கடைசியில் ஒப்பந்தத்தை வாங்கிவிடுகிறார். இவர் மோசமான மேலாளர்தான், ஆனால் அருமையான விற்பனையாளர் என்பது அன்று பார்வையாளருக்குத் தெரியவருகிறது. முட்டாள்தனம் குறையவில்லை, அதை மன்னிக்க ஒரு காரணம் கிடைத்துவிட்டது. 2011இல் அவர் தொடரை விட்டு விலகும்போது, தாம் நேசித்த பெண்ணோடு புது வாழ்வு தொடங்கப் போகிறார். தொடர் 2013 வரை ஓடி 201 எபிசோடுகளை எட்டியது.

14க்கும் 201க்கும் உள்ள இடைவெளியில்தான் விஷயமே இருக்கிறது. தொலைக்காட்சி வைத்திருப்போர் கட்டும் உரிமக் கட்டணத்தில் நடக்கும் பிபிசியில் ஓர் எழுத்தாளரோ இருவரோ ஆறு எபிசோடுகளை எழுதிக் கொடுத்துவிட்டு, மனம் இருந்தால் அடுத்த ஆறைப் பற்றி யோசிக்கலாம். அமெரிக்க ஒளிபரப்பு நிறுவனங்களில் ஒரு சீசனுக்கு 22 அல்லது 24 எபிசோடுகள் என்பதே நெடுங்கால வழக்கம். அதை எழுத ஓர் அறை நிறைய எழுத்தாளர்கள் வேண்டும். ஏறக்குறைய 100 எபிசோடுகள் சேர்ந்தால்தான் தொடரை உள்ளூர் நிலையங்களுக்கு மறுஒளிபரப்புக்கு விற்க முடியும். பெரிய பணம் அங்கேதான் இருந்தது. அரை மணி நேரத்தில் எட்டு நிமிடங்கள் வரை விளம்பரத்துக்குப் போய்விடும். இடைவேளை வந்ததும் பார்ப்பவர் வேறு சேனலுக்குத் தாவிவிடக் கூடாது. மூன்று மணி நேரத்துக்கு வீட்டுக்கு வந்துபோகும் விருந்தாளி எவ்வளவு சகிக்க முடியாதவராகவும் இருக்கலாம். எட்டு வருடம் கூடவே தங்கப் போகிறவரிடம் ஏதாவது நல்ல குணம் இருந்தே ஆக வேண்டும். அமெரிக்கர்கள் உணர்ச்சிவசப்பட்டவர்கள், பிரிட்டிஷ்காரர்கள் நெஞ்சு இறுகியவர்கள் என்று சொல்லப்படுவதில் பெரும்பகுதி இந்தக் கணக்கின் விளைவு.

பெரும்பகுதிதான், முழுவதும் அன்று. 'தி ஆஃபீஸ்' தொடருக்கு முப்பது ஆண்டுகள் முந்தைய இன்னொரு சோதனை மிச்சத்தைக் காட்டுகிறது. 1960களின் நடுவில் ஜானி ஸ்பைட் பிபிசிக்காகப் படைத்த ஆல்ஃப் கார்னெட், லண்டனின் கிழக்குப் பகுதியைச் சேர்ந்த தொழிலாளி. நிறவெறி பேசி, மனைவியைத் திட்டி, மகாராணியைத் துதிக்கும் அந்த மனிதர் கடைசிவரை திருந்தவே இல்லை. திருத்துவது தம் வேலை என்று ஸ்பைட்டும் நினைக்கவில்லை. இதைத் தழுவி நார்மன் லியர் 1971 ஜனவரியில் சிபிஎஸ்ஸில் தொடங்கிய 'ஆல் இன் தி ஃபேமிலி'யில் ஆல்ஃப், நியூயார்க்கின் குவீன்ஸ் பகுதியில் வாழும் ஆர்ச்சி பங்க்கர் ஆனார். வாயில் வருவது அதே விஷம்தான். ஆனால் எபிசோடின் முடிவில் அவர் தடுமாறுவார், எதிராளி முன் வாயடைத்து நிற்பார், மனைவி ஈடித்தின் கையைப் பிடிப்பார். தொடர் ஐந்து சீசன்கள் தொடர்ச்சியாக நாட்டின் முதலிடத்தில் இருந்தது. அவர் உட்கார்ந்த நாற்காலியை 1978இல் ஸ்மித்சோனியன் அருங்காட்சியகம் நன்கொடையாகப் பெற்று வைத்துக்கொண்டது. ஒரு மனிதன் மாறக் கூடியவன் என்ற நம்பிக்கை இல்லாமல் அமெரிக்கத் தொடரை நகர்த்துவது கடினம். 1955இல் வந்த 'தி ஹனிமூனர்ஸ்' தொடரில் பேருந்து ஓட்டுநர் ரால்ஃப் கிராம்டன் வாரம் ஒரு திட்டம் போட்டுப் பணக்காரராகப் பார்ப்பார், தோற்பார், கடைசியில் மனைவியை அணைத்துக்கொள்வார். பிரிட்டனில் 1962இல் தொடங்கிய 'ஸ்டெப்டோ அண்ட் சன்' தொடரின் ஹரால்டோ, பழைய சாமான் கடையையும் கிழட்டுத் தகப்பனையும் விட்டுத் தப்பிக்கப் பார்ப்பார், தோற்பார், அடுத்த வாரமும் அதே வீட்டில் இருப்பார். அமெரிக்கத் தோல்வி அடுத்த முயற்சிக்கு முந்தையது. பிரிட்டிஷ் தோல்வி நிரந்தர முகவரி.

தொலைக்காட்சியை விட்டு அன்றாடப் பேச்சுக்கு வந்தால், நண்பனைக் கிண்டலடிப்பதில்தான் இரு தரப்பினரும் அதிகம் முட்டிக்கொள்கிறார்கள். பிரிட்டனில் ஒருவரை முகத்துக்கு நேரே கேலி செய்வது பெரும்பாலும் நெருக்கத்தின் அடையாளம். யாரும் உங்களைக் கிண்டலடிக்கவில்லை என்றால்தான் கவலைப்பட வேண்டும். அமெரிக்கரும் இதைச் செய்யாமல் இல்லை. ஆனால் அதற்கென்று தனி மேடை போட்டு, பெயர் வைத்து, தேதி குறித்துச் செய்வார்கள். ஒருவரை நடுவில் உட்காரவைத்து நண்பர்கள் வரிசையாக வறுத்தெடுக்கும் விருந்துகளுக்கு நியூயார்க்கின் ஃபிரையர்ஸ் கிளப் பெயர்பெற்றிருந்தது. வெள்ளை மாளிகைச் செய்தியாளர் சங்கத்தின் ஆண்டு விருந்தில் அதிபரே உட்கார்ந்து தம் மீதான கிண்டலைக் கேட்பது பல பத்தாண்டுகளாக நடந்துவந்த வழக்கம். 2011 கோல்டன் குளோப் விருது விழாவைத் தொகுத்தளித்த ஜெர்வெய்ஸ் இந்த எல்லையைத்தான் கவனிக்கவில்லை, அல்லது கவனித்தே மீறினார். தங்களைப் பாராட்டிக்கொள்ளக் கூடியிருந்த ஹாலிவுட் நட்சத்திரங்களை அந்த இடத்திலேயே குத்திக் குத்திப் பேசிவிட்டு, இறுதியில் தம்மை நாத்திகராகப் படைத்த கடவுளுக்கு நன்றி சொல்லி முடித்தார். மறுநாள் கண்டனங்கள் குவிந்தன. ஆனாலும் 2012, 2016, 2020 ஆகிய ஆண்டுகளில் அவரையே திரும்பத் திரும்ப அழைத்தார்கள் என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும்.

பிரிட்டிஷ் நகைச்சுவை என்றாலே நுட்பம், அடக்கம், புத்திசாலித்தனம் என்ற படிமமும் சந்தேகத்துக்குரியது. 1958இல் தொடங்கி முப்பது படங்களுக்கு மேல் ஓடிய 'கேரி ஆன்' வரிசை முழுக்க இரட்டை அர்த்தத்தில் பிழைத்தது. பெண்களைத் துரத்தி ஓடும் பென்னி ஹில், 1979 முதல் அமெரிக்க உள்ளூர் நிலையங்களில் அமோகமாக ஓடினார். மான்டி பைத்தானையும் 'யெஸ் மினிஸ்டர்' தொடரையும் பொது ஒளிபரப்பு நிலையங்களில் பார்த்த படித்த அமெரிக்கர்கள், தங்கள் கைக்கு வந்த மாதிரியை வைத்து ஒரு நாட்டை மதிப்பிட்டார்கள். எதிர்ப்பக்கத்திலும் அப்படியே. 1989இல் தொடங்கிய 'சைன்ஃபெல்ட்' தொடரில் லாரி டேவிட் வகுத்த விதி, யாரும் கட்டித் தழுவக் கூடாது, யாரும் பாடம் கற்கக் கூடாது என்பது. நான்கு சுயநலவாதிகளைத் திருத்தாமலேயே 180 எபிசோடுகள் ஓடின. 'தி ஆஃபீஸ்' கையாண்ட போலி ஆவணப்பட வடிவத்துக்கு முன்னோடியாக ஜெர்வெய்ஸ் குறிப்பிடுவது 1984இல் வந்த அமெரிக்கப் படமான 'திஸ் இஸ் ஸ்பைனல் டாப்'. அதில் முட்டாள் பிரிட்டிஷ் ராக் கலைஞராக நடித்த கிறிஸ்டோபர் கெஸ்ட் நியூயார்க்கில் பிறந்தவர்; தந்தையின் பட்டம் வாரிசாக வந்ததால் சில ஆண்டுகள் பிரிட்டிஷ் பிரபுக்கள் சபையில் உறுப்பினராகவும் இருந்தார். இப்படியொரு பாத்திரத்தைக் கற்பனையில் எழுதினால் நம்ப மாட்டார்கள்.

எதைச் சொல்லிச் சிரிக்கலாம் என்பதில் சட்டமும் தலையிட்டது. பிரிட்டனில் மேடை நாடகப் பிரதிகளை அரண்மனை அதிகாரியான லார்ட் சேம்பர்லைன் தணிக்கை செய்யும் முறை 1968இல்தான் ஒழிந்தது. நாடாளுமன்றக் காட்சிகளை அங்கதத்துக்குப் பயன்படுத்தக் கூடாது என்ற விதியால், 2011இல் ஜான் ஸ்டுவர்ட்டின் அமெரிக்க அங்கத நிகழ்ச்சியின் எபிசோட் ஒன்று பிரிட்டனில் ஒளிபரப்பாகாமல் போனது. பேச்சுரிமையை அரசியல் சாசனத்திலேயே எழுதிவைத்த அமெரிக்காவிலோ, லென்னி புரூஸ் மேடையில் பேசிய பேச்சுக்காக 1964இல் ஆபாசக் குற்றத்தில் தண்டிக்கப்பட்டு, இறந்து முப்பத்தேழு ஆண்டுகள் கழித்து 2003இல் நியூயார்க் ஆளுநரால் மன்னிக்கப்பட்டார். ஜார்ஜ் கார்லினின் பேச்சொன்றை வானொலி ஒலிபரப்பியது தொடர்பான வழக்கில், பொது ஒளிபரப்பில் தகாத சொற்களைக் கட்டுப்படுத்த அரசுக்கு அதிகாரம் உண்டு என்று உச்ச நீதிமன்றம் 1978இல் தீர்ப்பளித்தது. சந்தா கட்டிப் பார்க்கும் கேபிள் சேனல்கள் இந்தக் கட்டுப்பாட்டுக்கு வெளியே இருந்தன. நகைச்சுவையின் பிற்கால வரலாற்றில் இந்தச் சின்ன இடைவெளி பெரிய வேலை செய்தது.

ஸ்காட்லாந்துக்காரரான அர்மாண்டோ இயனூச்சி 2005இல் பிபிசிக்காக எடுத்த 'தி திக் ஆஃப் இட்' தொடரில், ஓர் அமைச்சகத்தின் கோழைகளையும் திறமையற்றவர்களையும் பிரதமரின் ஆலோசகர் மால்கம் டக்கர் காது கூசும் வசைகளால் ஆட்டிவைக்கிறார். 2007இல் ஏபிசி நிறுவனம் இதற்கு ஓர் அமெரிக்க வடிவத்தை முயன்றது. முன்னோட்ட எபிசோடை இயக்கியவர் நாம் மேலே சந்தித்த அதே கிறிஸ்டோபர் கெஸ்ட். விளம்பரதாரரும் ஒளிபரப்பு விதிகளும் ஏற்கும்படி வசைகளை உருவிவிட்ட பிறகு அதில் உயிரில்லை. தொடராக அது வரவே இல்லை. ஐந்து ஆண்டுகள் கழித்து இயனூச்சியே சந்தா சேனலான எச்பிஓவுக்குப் போய், அதே பாணியில், அமெரிக்கத் துணை அதிபரைப் பற்றி 'வீப்' தொடரை எடுத்தார். விளம்பரம் இல்லை, மொழிக் கட்டுப்பாடு இல்லை, சீசனுக்குப் பத்து எபிசோடுகள் அல்லது அதைவிடக் குறைவு. ஜூலியா லூயி-டிரைஃபஸ் நடித்த செலினா மேயர் ஏழு சீசன்களிலும் ஒரு முறைகூடத் திருந்தவில்லை, யாரையும் மனமாரக் கட்டித் தழுவவும் இல்லை. 2015 முதல் 2017 வரை மூன்று ஆண்டுகள் தொடர்ந்து சிறந்த நகைச்சுவைத் தொடருக்கான எம்மி விருது அதற்குக் கிடைத்தது. ஏபிசிக்கும் எச்பிஓவுக்கும் பார்வையாளர்கள் ஒரே நாட்டுக்காரர்கள்தான்; வேறுபட்டது பணம் வந்த வழி.

ஆனாலும் இரண்டு தொடர்களையும் அடுத்தடுத்துப் பார்ப்பவருக்கு, எந்தச் சேனலும் மாற்றாத ஒன்று தட்டுப்படும். பிரிட்டிஷ் தொடரின் அமைச்சர் ஹ்யூ அபட்டுக்கு இன்றைய பொழுது பத்திரிகைகளில் பெயர் அடிபடாமல் கழிந்தால் போதும். நாடாளப் போகிறோம் என்ற கனவெல்லாம் எப்போதோ தேய்ந்துவிட்டது. மாலையில் வீட்டுக்குப் போய்ச் சேர்வதே அவருடைய வெற்றி. செலினாவுக்கு அதிபர் நாற்காலியைத் தவிர எதுவும் போதாது. அதற்காக மகளையும், நண்பர்களையும், தன்னிடம் மிச்சமிருந்த ஒன்றிரண்டு கொள்கைகளையும் விற்கிறாள், 2019இல் வந்த கடைசி எபிசோடில் வாங்கியும் விடுகிறாள். இருவரையும் பார்த்து நாம் சிரிப்பது ஒரே கொடூரத்தோடுதான். பிரிட்டிஷ் தொடர் கேலி செய்வது ஆசைப்படுவதையே விட்டுவிட்ட மனிதரை. அமெரிக்கத் தொடர் கேலி செய்வது ஆசையை நிறுத்தத் தெரியாதவளை.